கடனை மாற்றினால் அபராதமா?

ஏரலில் வீடு கட்ட ஒரு பாங்கியில் கடன் வாங்கியிருக்கிறீர்கள். இன்னொரு பாங்கியில் வட்டி குறைவு. அங்கே மாற்றினால் அபராதம் கேட்பார்களோ?

பயம் வேண்டாம். தனி நபர் வாங்கிய, ஏறி இறங்கும் வட்டியுள்ள வீட்டுக் கடனுக்குப் பாங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2012-ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டுவிட்டது. மாறாத வட்டி என்றால், கடன் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

ஆனால் வேறு செலவு உண்டு! புதுப் பாங்கியின் பிராசசிங் கட்டணம், வக்கீல் பீஸ், பத்திரத்தை ஈடு வைக்கும் முத்திரைச் செலவு.

பாக்கி 10 லட்சம் ரூபாய். வட்டி அரை சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷ மிச்சம் சுமார் 5,000 ரூபாய்தான். செலவு எவ்வளவு? கடன் முடிய எத்தனை வருஷம்? கணக்குப் போட்ட பிறகே மாற்றுங்கள்.