பாட்டி மடி சீட் பெல்ட் ஆகாது

போன மாசம் சித்தப்பா போன் பண்ணினார். "டேய், மாப்பிள்ளை புதுசா கார் வாங்கப் போறாராம். ஃபேமிலி கார். நல்ல மைலேஜ், சன்ரூஃப் கண்டிப்பா வேணுமாம். எது வாங்கலாம் சொல்லு."

"பேத்திக்கு என்ன வயசு சித்தப்பா?"

"ஆறு மாசம்."

"அவளுக்கு எங்க சீட்?"

ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சார். "அவளுக்கு எதுக்குடா சீட்டு? அதான் உன் சித்தி மடி இருக்கே!"

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. என் பையனுக்குப் பத்து மாசம் அப்போ. அடையாறு சிக்னல் தாண்டி எல்.பி. ரோட்டுல திருவான்மியூர் பக்கம் போயிட்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். தங்கமணி பின்னாடி. மாமியார் முன் சீட்டுல, பையன் அவங்க மடியில. "முன்னாடி இருந்தாதான் வேடிக்கை பார்ப்பான், அழமாட்டான்"னு எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. எல்லாரும்னா, நானும்தான். முப்பது கிலோமீட்டர் வேகம் இருந்தா அதிகம். திடீர்னு ஒரு நாய் குறுக்கே வந்தது, பிரேக்கை மிதிச்சேன். நாய் தப்பிச்சது. பையன் அத்தை கையிலேர்ந்து நழுவி டேஷ்போர்டுல போய் மோதினான். நெத்தியில மூணு தையல்.

அத்தை அன்னிக்கு முழுக்க தன் ரெண்டு கையையும் பார்த்துப் பார்த்து அழுதாங்க. "கெட்டியாத்தானே பிடிச்சிருந்தேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. தையல் போட்ட டாக்டர் என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏர்பேக் விரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" எனக்கு இன்னிக்கு வரைக்கும் அதுக்குப் பதில் தெரியாது. முன் சீட்டு சன் வைசர்ல குழந்தைப் படம் போட்டு, சிவப்புக் கோடு அடிச்சு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அதை அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா தினமும் பார்த்துட்டுத்தான் இருந்தேன்.

தப்பு அத்தையோட கையில இல்லீங்க. யார் கையா இருந்தாலும் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடக் கணக்குதான் இது. 50 கிலோமீட்டர் வேகத்துல போய் மோதி, ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு நேரத்துல கார் நின்னா, ஒன்பது கிலோ குழந்தையைப் பிடிச்சு நிறுத்த 120 கிலோவுக்கு மேல தூக்கற பலம் வேணும். உங்க வீட்டுப் பாட்டி அரிசி மூட்டை தூக்குவாங்களா? அதே 50ல மோதறதும் சுமார் பத்து மீட்டர் உயரத்துலேர்ந்து, அதாவது மூணாவது மாடியிலேர்ந்து விழறதும் ஒண்ணு. 30ல மோதினா முதல் மாடி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல குழந்தையை உட்கார வச்சு, "நான் பிடிச்சுக்கறேன்"னு சொல்ற பாட்டி யாராவது இருக்காங்களா? கார்ல மட்டும் ஏன்?

சரி, வழக்கமா வர்ற பதில்களை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

"நாங்கல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்." ஆமாம். அம்பாசடர்ல எட்டு பேர் போனோம், மாருதி 800ல ஆறு பேர் போனோம், நல்லாத்தான் இருக்கோம். நல்லா இல்லாதவங்க யாரும் இங்க வந்து பேசப் போறதில்லையே! அதுவும் அந்த அம்பாசடர் போன ரோடு வேற. இன்னிக்குப் புறவழிச்சாலையில நூறைத் தொடாத கார் எது?

"மெட்ராஸ் டிராஃபிக்ல எங்க வேகமாப் போறது?" மயிலாப்பூர் மாட வீதியில நடந்து போறவன் நம்மளை முந்திடுவான், ஒத்துக்கறேன். ஆனா அதே குழந்தை அதே மடியில உட்கார்ந்துதானே ஈ.சி.ஆர்.ல மாமல்லபுரம் போகுது? அதே மடியிலதானே தீபாவளிக்கு ஊருக்கு, ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டுல போகுது? வேகம் கூடினதும் மடி மாறுதா என்ன?

"சீட்ல கட்டினா அழுவான்." அழுவான். தடுப்பூசி போட்டாலும்தான் அழறான். எங்க வீட்டுல பத்து நாள் அழுதான். பதினோராவது நாள் சீட்ல ஏத்தினதும் தூங்கிட்டான்.

"அதெல்லாம் ஃபாரின் பழக்கம்." இதுதான் எனக்குச் சிரிப்பு வர்ற இடம். இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998லேர்ந்து கார் பண்ணுது. அங்க செஞ்ச ஐ10 சென்னைத் துறைமுகத்துல கப்பலேறி ஐரோப்பா போச்சு. ஐரோப்பாவுல குழந்தையைச் சீட்ல கட்டாம கூட்டிட்டுப் போறது 2006லேயே சட்டப்படி தப்பு. நம்ம ஊர் ஆளுங்க முறுக்கின போல்ட்டுல அந்த ஊர் குழந்தை பத்திரமா உட்காருது. நம்ம குழந்தை மட்டும் மடியில.

நம்ம ஊர்லயும் சட்டம் இல்லாம இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல சேர்த்த 194பி பிரிவுப்படி, பதினாலு வயசுக்குக் கீழ உள்ள குழந்தையை பெல்ட்டோ, குழந்தைக்கான இருக்கையோ இல்லாம கூட்டிட்டுப் போனா ஆயிரம் ரூபாய் அபராதம். உங்கள்ல யாராவது ஒருத்தர் இதுக்காக அபராதம் கட்டியிருக்கீங்களா? கட்டினவரைப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கத்துல விபத்துல இறந்தார். பென்ஸ் கார். பின் சீட்டுல பெல்ட் போடலை. அதுக்கப்புறம் ஒரு மாசம் நாடு முழுக்க பின் சீட் பெல்ட் பத்தித்தான் பேச்சு. அந்தப் பேச்சுலகூட குழந்தைங்க வரவே இல்லை, கவனிச்சீங்களா?

இப்போ விஷயத்துக்கு வரேன். தையல் பிரிச்ச அன்னிக்கே போய் ஒரு சீட் வாங்கினோம். ரெண்டு பக்கமும் திருப்பி வைக்கலாம். சின்னக் குழந்தைக்குக் கழுத்து பலம் கம்மி, தலை கனம். அதனால பின்பக்கம் பார்த்த மாதிரி உட்கார வைக்கணும். ஐரோப்பாவோட புது விதிப்படி குறைஞ்சது பதினஞ்சு மாசம் வரைக்கும். வீட்டுக்கு வந்து கார்ல வச்சோம். வச்சதும் தெரிஞ்சது, எங்க "ஃபேமிலி கார்"ல ஃபேமிலிக்கு இடமில்லைன்னு. சீட் உள்ளே போச்சு, ஆனா முன் சீட்டை அவ்வளவு தூரம் முன்னாடி தள்ள வேண்டியிருந்தது. தங்கமணி முழங்கால் டேஷ்போர்டுல இடிச்சது. பின்னாடி மாமனாரும் மாமியாரும் இருமலுக்குக்கூட இடமில்லாம உட்கார்ந்தாங்க. டிக்கியில சி.என்.ஜி. சிலிண்டர், ஸ்ட்ரோலர் உள்ளே போகவே இல்லை. வாங்கும்போது நான் இருபது விஷயம் பார்த்திருந்தேன். அலாய் வீல் முதற்கொண்டு.

கார் மாத்தலாம்னு கிளம்பினப்போ ஒரு முடிவு பண்ணேன். ஷோரூமுக்குச் சீட்டை ஒரு தோள்ல, ஸ்ட்ரோலரை ஒரு கையில தூக்கிட்டுப் போனேன். முதல் ஷோரூம்ல இருந்த பையன் என்னை ரிப்பேர்காரன்னு நினைச்சுட்டான் :-) விஷயத்தைச் சொன்னதும், "சார், இதுல சன்ரூஃப் இருக்கு சார், குழந்தை நின்னுட்டு வேடிக்கை பார்க்கலாம்"னான். சத்தியமா சொன்னான். ஓடற கார்ல கூரைக்கு மேல தலையை நீட்டிட்டு நிக்கற குழந்தையை இப்ப வாராவாரம் பெசன்ட் நகர்ல பார்க்கறேன். அப்பன் சிரிச்சுக்கிட்டே ஓட்டறான்.

நாலு ஷோரூம் ஏறி இறங்கினதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன். யாருக்காவது உதவும்.

1. டிக்கி எத்தனை லிட்டர்னு விளம்பரத்துல போட்டிருப்பான். லிட்டரை நம்பாதீங்க. ஸ்ட்ரோலர் தண்ணி இல்லை, ஊத்த முடியாது. டிக்கியோட வாய் அகலமும் தரையோட நீளமும்தான் கணக்கு. மடக்கி உள்ளே வச்சு, கதவைச் சாத்திப் பாருங்க.

2. நாலு மீட்டருக்குள்ள இருக்கற கார்களுக்கு 2006 பட்ஜெட்லேர்ந்து வரிச் சலுகை. 2025 செப்டம்பர் 22லேர்ந்து சின்ன காருக்கு ஜி.எஸ்.டி. 18, பெரிய காருக்கு 40 சதவீதம். இந்த வரிக்காக வாலை வெட்டின கார்கள் நம்ம ரோட்டுல நிறைய. வெட்டுப்பட்டது முதல்ல டிக்கி, அப்புறம் பின் சீட்டு. சி.என்.ஜி. வேணும்னா ரெண்டு சின்ன சிலிண்டரை டிக்கி தரைக்கு அடியில வச்ச மாடல்கள் 2023லேர்ந்து வருது, அதைப் பாருங்க.

3. ஏழு பேர் கார் வாங்கினா பிரச்னை தீர்ந்ததுன்னு நினைக்காதீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டாவது வரிசையில குழந்தை சீட்டை மாட்டிட்டா, அந்தப் பக்க இருக்கையை மடக்கி மூணாவது வரிசைக்குப் போக முடியாது. தாத்தா எப்படி ஏறுவார்? ரெண்டாவது வரிசையில தனித்தனி இருக்கை, நடுவுல வழின்னா பரவாயில்லை. மூணாவது வரிசையை நிமிர்த்தினா டிக்கி காலி: எர்டிகாவுல 209 லிட்டர்தான். ஆக தாத்தாவா ஸ்ட்ரோலரா? எங்க வீட்டுல தாத்தா ஜெயிச்சார்.

4. ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கான்னு கேட்டா "இருக்கு சார்"னு சொல்லுவாங்க. விரலை விட்டுத் தடவிப் பாருங்க. மேல் பட்டையை மாட்ட சீட்டுக்குப் பின்னாடி இன்னொரு வளையம் இருக்கணும், அதையும் பாருங்க. நடு இருக்கைக்கு மூணு முனை பெல்ட் இருக்கா, வெறும் இடுப்புப் பட்டையா?

5. நட்சத்திரம். விளம்பரத்துல பெருசா போடறது பெரியவங்களுக்கான மதிப்பெண். குழந்தைக்குத் தனி மதிப்பெண் உண்டு. டாடா நெக்ஸான் 2018ல குளோபல் என்கேப்ல அஞ்சு நட்சத்திரம் வாங்கின முதல் இந்திய கார். ஊரே கொண்டாடிச்சு, நானும்தான். குழந்தைக்கு அன்னிக்கு மூணுதான். 2024ல ரெண்டுலயும் அஞ்சு வாங்கிட்டாங்க, அதையும் சொல்லணும். 2023 அக்டோபர்லேர்ந்து நம்ம பாரத் என்கேப்பே இருக்கு, ரெண்டு மதிப்பெண்ணும் தனித்தனியா போடறாங்க. ரெண்டாவதைப் படிங்க.

6. பின் கதவு எவ்வளவு திறக்குது? தி.நகர்ல ஒரு கார் நிறுத்த இடம் கிடைச்சா பக்கத்துல ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். அந்தச் சாண்ல கதவைத் திறந்து, குழந்தையைத் தூக்கி, சீட்ல வச்சு, பெல்ட் மாட்டணும். 2019ல நின்னு போன ஆம்னியோட தள்ளுக் கதவை நினைச்சு நான் பெருமூச்சு விடற இடம் இதுதான்.

ஸ்ட்ரோலரைப் பத்தி ஒரு வார்த்தை. "இந்த ஊர்ல அதை எங்க தள்றது?"ன்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. நடைபாதையில 1.8 மீட்டர் தடையில்லாம இருக்கணும்னு இந்திய சாலைகள் காங்கிரஸோட விதியே சொல்லுது. ஸ்ட்ரோலருக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல போதும். மயிலாப்பூர்ல அதுவும் கிடைக்காது. டிரான்ஸ்ஃபார்மர், பைக், இளநீர்க் கடை. 2019ல திறந்த பாண்டி பஜார் நடைபாதைதான் நான் இறங்காம ஏறாம தள்ளின ஒரே கடைத்தெரு. அந்த ஒரு தெருவுக்காக ஸ்ட்ரோலரை டிக்கியில சுமக்கறோம். ஸ்ட்ரோலர் இல்லாம வாழலாம், இடுப்பு இருக்கு. சீட் இல்லாம வாழ்ந்து பார்க்கக் கூடாது.

"கார் இருக்கறவன் பேச்சு இது, நாலு பேரா பைக்ல போறவனைப் பாரு"ன்னு ஒரு அண்ணாச்சி கட்டாயம் வருவார். வாங்க அண்ணாச்சி. பைக்ல போற குழந்தைக்கு ஹெல்மெட்டும் பட்டையும் வேணும்னு 2022ல விதி போட்டாங்க. அதையும் யாரும் மதிக்கலை. வழியில்லாதவன் ரிஸ்க் எடுக்கறது வேற. பத்து லட்சம் கொடுத்து கார் வாங்கி, சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் தனியா செலவு பண்ணிட்டு, ஏழெட்டாயிரத்துல ஆரம்பிக்கற குழந்தை சீட்டுக்கு "காசு ஜாஸ்தி"ன்னு சொல்றது வேற. என் கோபம் ரெண்டாவது ஆள் மேல. அந்த ஆள் நானாவும் இருந்தேன்.

நம்ம ஆளுங்க மேலயும் ஒரு வருத்தம். கார் விமர்சனம் எழுதற நண்பர்களே, டார்க் எவ்வளவு, பிக்கப் எப்படின்னு பக்கம் பக்கமா எழுதறீங்க, நானும் ரசிச்சுப் படிக்கறேன். அடுத்த தடவை பின் சீட்டுல ஒரு குழந்தை சீட்டை மாட்டி, முன் சீட்டுல உட்கார்ந்து பார்த்துட்டு ரெண்டு வரி எழுதுங்களேன். படிக்கறவன்ல பாதிப் பேர் அப்பன்தான்.

சித்தப்பா கதைக்கு வரேன். ரெண்டு வாரம் பேசலை, கோபம். போன ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையே போன் பண்ணினார். "அத்தான், உங்க சீட்டைக் கொஞ்சம் தரீங்களா? ஷோரூமுக்கு எடுத்துட்டுப் போகணும்." தரேன்னேன். சன்ரூஃப் இன்னும் லிஸ்ட்ல இருக்காம். இருக்கட்டும், அதை அடுத்த சண்டையில பார்த்துக்கலாம்.

பி.கு: பையனுக்கு இப்போ மூணு வயசு. நான் பெல்ட் போட மறந்தா, பின்னாலேர்ந்து "அப்பா, கட்டு!"ன்னு கத்தறான். தழும்பு இன்னும் இருக்கு. தலைமுடி விழுந்தா தெரியாது. எனக்குத் தெரியும்.