பழைய மடிக்கணினிக்குப் புதிய எஸ்.எஸ்.டி.: எதைப் பார்த்து வாங்குவது?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, தாராவியிலிருந்து ஒரு சகோதரி தம்முடைய மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டிற்கு வந்தார்கள். 2018-ஆம் ஆண்டில் தவணை முறையில் வாங்கியது. மூத்த மகன் அதில்தான் பி.காம். இறுதி ஆண்டுப் பாடங்களைச் செய்கிறான். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து முடித்தாலும் திரை முழுவதும் வந்திருக்காது. பழுது பார்க்கும் கடையில், "இது இனி உதவாது, புதியது வாங்குங்கள்" என்று கையை விரித்துவிட்டார்களாம். தையல் வேலையில் வரும் வருமானத்தில் இன்னொரு தவணையைத் தொடங்க அவர்களால் இயலாது. "பிரதர், இதை வைத்து இன்னும் இரண்டு வருஷம் ஓட்ட முடியுமா?" என்று கேட்டார்கள்.

முடியும் என்றேன். அநேகருடைய வீடுகளில் இதே நிலையில் ஒரு மடிக்கணினி கிடக்கிறது. ஆகையால் அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் விளக்கமாகச் சொல்கிறேன்.

கணினி மெதுவாவதற்கு அதன் மூளை காரணமல்ல. பழைய மடிக்கணினிகளில் இருக்கும் ஹார்டு டிஸ்க் ஒரு சுழலும் தட்டு. பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழலும். அதன்மேல் ஒரு சிறிய ஊசி அங்கும் இங்கும் நகர்ந்து எழுத்தைத் தேடிப் படிக்கவேண்டும். பல இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைக் கேட்டால், ஒரு வினாடியில் நூறு இடங்களைக்கூட அதனால் எட்டிப் பார்க்க இயலாது. விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை, எல்லாம் சில்லுகள். எந்த இடத்தைக் கேட்டாலும் ஏறக்குறைய உடனே கொடுத்துவிடும். அதனால்தான் இந்த ஒரு பாகத்தை மாற்றியவுடன் கணினியே மாறிவிட்டதுபோல் தோன்றுகிறது.

ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவுவதற்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய மூளை வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எஸ்.எஸ்.டி. போட்டாலும் இந்தக் குறை தீராது. அந்தச் சகோதரியின் கணினி எட்டாம் தலைமுறை, தப்பியது. உங்களுடையது அதற்கு முந்தியதானால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள வீட்டார் சம்மதிப்பார்களா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

அடுத்தது வடிவம். இதில் தவறினால் வாங்கியது பெட்டியிலேயே கிடக்கும். பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காருவது 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. மற்றொன்று சூயிங்கம் பட்டைபோல் மெல்லியது, எம்.2 என்பார்கள். அதில் 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். சில கணினிகளில் 2242 அல்லது 2230 என்ற குட்டையானவை மட்டுமே பொருந்தும். இங்கே ஒரு கண்ணி உண்டு: பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எம்.2-இல் சாட்டா முறையில் பேசுவதும் உண்டு, என்.வி.எம்.இ. முறையில் பேசுவதும் உண்டு. ஒன்றை மட்டும் ஏற்கும் கணினியில் மற்றொன்றைச் செருகினால் அது கண்டுகொள்ளாது. ஆகையால் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் சேவைக் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பின்பே கடைக்குப் போங்கள்.

வேகத்தைக் குறித்து அதிகம் கவலைப்பட வேண்டாம். சாட்டா எஸ்.எஸ்.டி. வினாடிக்கு ஏறக்குறைய 550 மெகாபைட் வரை படிக்கும். என்.வி.எம்.இ. அதைப்போல் பல மடங்கு படிக்கும் என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கட்டுரை தட்டச்சு செய்வதற்கும், கணக்கு எழுதுவதற்கும், பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்கும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஹார்டு டிஸ்கிலிருந்து இவற்றில் எதற்கு மாறினாலும் பெரிய மாற்றம்தான்.

கவலைப்படவேண்டியது நம்பகத்தைக் குறித்து. இங்கே நம்மில் பலர் தவறான காரியத்திற்குப் பயப்படுகிறோம். "எஸ்.எஸ்.டி.யில் எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே" என்று கேட்காதவர்களே இல்லை. தேய்வது உண்மை. ஒவ்வொரு சில்லும் இத்தனை முறை என்று கணக்கு வைத்துத்தான் எழுத இடம் கொடுக்கும். அந்தக் கணக்கை டி.பி.டபிள்யூ. என்று விவரப் பட்டியலில் போட்டிருப்பார்கள். எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதே அதன் பொருள். சாம்சங் 870 ஈவோ என்ற சாட்டா வகையை எடுத்துக்கொள்வோம். அதன் 500 ஜிகாபைட் அளவுக்கு 300 டெராபைட் அல்லது ஐந்து ஆண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம். நம் வீட்டில் ஒரு நாளைக்கு 20 ஜிகாபைட் எழுதுகிறோம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த 300 டெராபைட்டை எட்ட நாற்பது ஆண்டு பிடிக்கும். அதற்குள் கணினியே இருக்காது.

அப்படியானால் எஸ்.எஸ்.டி. எதனால் போகிறது? பெரும்பாலும் தேய்ந்து அல்ல, திடீரென்று நின்றுபோகிறது. சில்லுகளை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு பழுதாகலாம். அதற்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளில் பிழை இருக்கலாம். 2019 நவம்பரில் ஹியூலட் பேக்கார்டு என்டர்பிரைஸ் நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: தங்கள் சர்வர்களில் உள்ள சில வகை எஸ்.எஸ்.டி.க்கள் 32,768 மணி நேரம் ஓடியவுடன் நின்றுவிடும், உள்ளிருப்பதை மீட்க முடியாது, அதற்கு முன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று. மூன்று ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம்! பெரிய அலுவலகங்களுக்கு விற்கும் விலையுயர்ந்த சரக்கிலேயே இப்படி நேர்ந்தது. ஹார்டு டிஸ்க் சாகும்போது முன்னதாகவே கரகரவென்று முனகும், தட்டும், நமக்குச் சற்று அவகாசம் கொடுக்கும். எஸ்.எஸ்.டி. அநேகமாகச் சத்தமில்லாமல் போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மும்பை கடைவீதி ஒன்றின் நடைபாதையில், பில் இல்லாமல், பாதி விலையில் ஒரு 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. வாங்கினேன். பெட்டியின்மேல் எங்கோ கேட்ட பெயரைப் போன்ற ஒரு பெயர். கணினி பறந்தது, எனக்கும் பெருமை. எங்கள் தாயார் ஊரில் இருந்த கடைசி ஆண்டில், அவர்கள் வாயால் எங்கள் குடும்ப வரலாற்றைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருந்தேன். பாட்டனார் எப்படிப் பனைத்தொழிலை விட்டு பம்பாய்க்கு வண்டி ஏறினார் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதை அந்த எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிவிட்டு, பழைய ஹார்டு டிஸ்கை அழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். எட்டாம் மாதம் ஒரு காலையில் கணினியைத் திறந்தால், உள்ளே சேமிப்பகமே இல்லை என்று திரையில் வந்தது. மீட்டுத் தருகிறவர்களிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, இது வேறெங்கோ கழித்துப்போட்ட சில்லுகளை வைத்துச் செய்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். விற்றவரைத் தேடிப் போனபோது அந்த இடத்தில் செல்போன் உறைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். தாயார் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்கள்.

ஆகையால் என் ஆலோசனை இதுதான். லாமிங்டன் ரோடானாலும், டில்லி நேரு பிளேஸானாலும், பெங்களூரு எஸ்.பி. ரோடானாலும், ஜி.எஸ்.டி. பில் கொடுக்கிற கடையில் மட்டும் வாங்குங்கள். பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் எழுதியிருக்கவேண்டும். அந்த எண்ணை, பணம் கொடுப்பதற்கு முன்பே, தயாரித்தவருடைய உத்தரவாதப் பக்கத்தில் உங்கள் செல்போனிலேயே போட்டுப் பாருங்கள். இந்தியாவில் உத்தரவாதம் செல்லுமா என்றும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வேறு வழியாக வந்த சரக்குக்குச் செல்லாமல் போவதுண்டு. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது.

நினைவுச் சில்லுகளைச் சொந்தமாகத் தயாரிக்கிற நிறுவனங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை: சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான், கியோக்ஸியா, சான்டிஸ்க், சீனாவின் ஒய்.எம்.டி.சி. இவ்வளவே பெரியவை. மற்றவர்கள் இவர்களிடம் சில்லு வாங்கித் தம் பெயரை ஒட்டி விற்கிறார்கள். அப்படி விற்பதெல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன், நல்லவையும் உண்டு. ஆனால் சொந்தச் சில்லு உள்ளவர்களிடம் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்பதில் ஓரளவு நிச்சயம் இருக்கும். ஓரளவுதான். 2021-இல் குரூஷியல் பி2 என்ற வகையில், பெயரை மாற்றாமலேயே உள்ளிருந்த டி.எல்.சி. சில்லுகளுக்குப் பதில் மலிவான கியூ.எல்.சி. சில்லுகளை வைத்து விற்றது வெளியானது. டி.எல்.சி. என்றால் ஓர் அறையில் மூன்று பிட்டுகள், கியூ.எல்.சி. என்றால் நான்கு; அறையில் நெருக்கடி கூடக்கூட ஆயுளும் எழுதும் வேகமும் குறையும். கணினியில் ஒரே சேமிப்பகம்தான் என்றால் டி.எல்.சி. என்று தெளிவாக எழுதியதையே தேடுங்கள். மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்பதை நிறுத்திக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விற்றவற்றுக்கு உத்தரவாதச் சேவை தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. அப்பெயரில் கடையில் மிச்சச் சரக்கு மலிவாகக் கிடைத்தால், தேதியையும் சீரியல் எண்ணையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

வீட்டிற்கு வந்ததும் அதை உடனே நம்பிவிடாதீர்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், அந்த எஸ்.எஸ்.டி. இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்று காட்டும். புதியது என்று விற்றதில் ஆயிரக்கணக்கான மணி நேரம் இருந்தால் மறுநாளே திருப்பிக் கொடுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மற்றொன்று, முழு அளவையும் எழுதி நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். 1 டெராபைட் என்று பொய் சொல்லும் போலி இதில் அகப்பட்டுவிடும். சில மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும்.

பழையதிலிருந்து மாற்றுவதற்கு குளோன்சில்லா என்ற இலவசக் கருவி உண்டு. நான் பெரும்பாலும் விண்டோஸைப் புதிதாக நிறுவி, கோப்புகளை மட்டும் நகலெடுக்கிறேன். எட்டு ஆண்டுக் குப்பையைப் புது வீட்டிற்குக் கொண்டுபோவானேன்? பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைக் கழற்றுவதற்கு முன்பே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பின்மூடியைத் திறந்தவுடன் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றவேண்டும்.

உத்தரவாதத்தில் உங்களுக்குப் புதிய எஸ்.எஸ்.டி. கிடைக்கும், உள்ளே இருந்தது கிடைக்காது. எவ்வளவு நல்லதை வாங்கினாலும் இரண்டாவது பிரதி இல்லாமல் இருக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்துவிட்ட எஸ்.எஸ்.டி.யிலிருந்து பதிவுகள் மங்கிப்போகலாம், அதிலும் வெயில் காயும் தகரக் கூரையின் கீழ் இன்னும் சீக்கிரமாக. ஆகையால் அந்த இரண்டாவது பிரதிக்கு ஹார்டு டிஸ்கே ஏற்றது.

அந்தச் சகோதரியின் வீட்டில் அப்படித்தான் செய்தோம். 500 ஜிகாபைட் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை மகனும் நானும் சேர்ந்து பொருத்தினோம். கழற்றிய ஹார்டு டிஸ்க் முனகாமல் இருந்ததால், சில நூறு ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. பெட்டி வாங்கி அதற்குள் போட்டோம். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அதில் நகலெடுப்பது அவன் பொறுப்பு. கணினி அரை நிமிடத்திற்குள் திறந்துகொண்டது. சகோதரி அடுப்பில் தேநீர் வைத்துவிட்டு வந்து பார்த்து, "அதற்குள்ளாகவா?" என்றார்கள். பில்லின் படத்தை அவர்கள் செல்போனிலும் என் செல்போனிலும் எடுத்து வைத்திருக்கிறோம்.