சாதிக் கணக்கு வேண்டும், வகுப்பறையில் அல்ல

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். கைதானவர்களில் அதே பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றித்தான் ஊரெல்லாம் விவாதம். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றி மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்ற பரிந்துரைகளை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

நான் வசிக்கும் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற வசதியான பகுதிகளில் உடனே ஒரு கேள்வி வரும்: "அப்படியென்றால் சாதியை எல்லாப் படிவத்திலிருந்தும் எடுத்துவிடலாமே?" கூடாது. அந்த விவரம் இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, இடஒதுக்கீடு இல்லை. எந்தச் சமூகத்துப் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள் என்ற கணக்கும் இல்லை. கணக்கை அழித்தால் சாதி ஒழியாது. அநீதிக்கான சான்றுதான் ஒழியும்.

எமிஸ் தளத்தில் இருக்கும் சாதி விவரத்தை யார், எதற்காகப் பார்க்கலாம் என்று அரசு ஆணையிட வேண்டும். "எஸ்சி பசங்க எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் சொல்வது வன்கொடுமையின் தொடக்கம் என்பதை ஆசிரியர் பயிற்சியிலேயே கற்பிக்க வேண்டும். உரிமைக்காகக் கொடுத்த விவரம் அவமானத்துக்குப் பயன்படக் கூடாது.