முன்பணம் வாங்கியவர் மலையைத் திறக்கட்டும்

2024 டிசம்பர் 27 அன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பார்க் சிட்டி பனிச்சறுக்குத் தளத்தின் காவல் பணியாளர்கள் சுமார் 200 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் அது. ஆண்டிலேயே அங்கு கூட்டம் மொய்க்கும் நாட்கள். தொடக்க ஊதியத்தை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக உயர்த்த வேண்டும் என்பது அவர்களின் முதல் கோரிக்கை. தளத்தின் உரிமையாளரான வெய்ல் ரிசார்ட்ஸ் இறங்கி வர ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின. அதுவரை அந்தப் பரந்த மலையின் பெரும்பகுதி மூடிக் கிடந்தது. மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டி, விமானம் ஏறி வந்த குடும்பங்கள் லிஃப்ட் வரிசையில் மணிக்கணக்கில் நின்றன.

பனிச்சறுக்குக் காவலர் என்றால் வாசலில் சீட்டுக் கிழிப்பவர் அல்ல. விடிவதற்கு முன்பே மலையேறி, பனிச்சரிவு அபாயம் உள்ள சரிவுகளில் வெடி வைத்து, தளர்ந்த பனியை முன்கூட்டியே உருட்டிவிடுபவர். கால் முறிந்து கிடப்பவரைச் சறுக்குப் படுக்கையில் கட்டி அடிவாரத்துக்கு இறக்குபவர். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஒரு சரிவு திறக்கப்படும். விருந்துக்கு ஊரையே அழைத்துவிட்டுப் பந்தி பரிமாறுகிறவரிடம் கூலிக்குப் பேரம் பேசுவது போலத்தான் இருந்தது நிர்வாகத்தின் போக்கு.

பேரம் பேசியது நொடித்துப்போன நிறுவனமும் அல்ல. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் 42 தளங்கள் அதன் கையில் உள்ளன. 2024 நிதியாண்டில் வருவாய் சுமார் 289 கோடி டாலர். நிகர லாபம் 23 கோடி. அந்தக் காலத்தில் பங்கு ஒன்றுக்குக் காலாண்டுதோறும் 2.22 டாலர் ஈவுத்தொகை கொடுத்துவந்தது. ஏறக்குறைய 3.7 கோடி பங்குகளுக்குக் கணக்கிட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8 கோடி டாலருக்கு மேல் போகிறது. காவலர் 200 பேருக்கும் மணிக்கு 4 டாலர் கூட்டிக் கொடுத்து, ஒருவருக்குப் பருவத்தில் 1,000 மணி நேர வேலை என்று தாராளமாகக் கணக்கு வைத்தாலும், ஆகும் செலவு 8 லட்சம் டாலர்தான். ஒரு காலாண்டு ஈவுத்தொகையில் நூறில் ஒரு பங்கு. இதற்காகவா ஒரு மலையை மூட விட்டார்கள்?

நிர்வாகம் இவ்வளவு துணிந்து இருந்ததற்குக் காரணம் அதன் வணிக முறையில் இருக்கிறது. 2008-ல் 579 டாலருக்கு ‘எபிக் பாஸ்’ என்ற பருவச் சீட்டை அறிமுகம் செய்தார் அப்போதைய தலைமை அதிகாரி ராப் கேட்ஸ். ஒரே சீட்டில் பல மலைகளில் பருவம் முழுக்கச் சறுக்கலாம்; ஆனால் பனி விழுவதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிட வேண்டும். அதுவரை நிறுவனம் நடத்தும் வெய்ல் மலையின் பருவச் சீட்டு 1,000 டாலருக்கு மேல் விற்றது என்பதால் மக்கள் அள்ளிக்கொண்டார்கள். அடிக்கடி மலைக்குப் போகும் நடுத்தர வருமானக்காரருக்கு அது நல்ல வரவுதான். அதை மறைப்பது நேர்மையாகாது. 2021-ல் விலையை 20 சதவீதம் குறைக்கவும் செய்தார்கள். மறுபக்கம், ஒருநாள் சீட்டின் விலை ஏறிக்கொண்டே போய், வெய்ல் மலையில் உச்ச நாட்களில் 300 டாலரைத் தாண்டிவிட்டது. ஒருநாள் ஆசைக்கு வருகிறவரையும் பருவச் சீட்டுக்குத் தள்ளுகிற விலை அது. இன்று ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்ட முன்பணச் சீட்டுகள் விற்கின்றன. மலைக்கு வருகிறவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அப்படி வருகிறவர்கள்.

பனி பொய்த்தாலும் நிறுவனத்தின் பெட்டி நிறைந்திருக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். வானிலையை நம்பிப் பிழைக்கும் தொழிலில் அது புத்திசாலித்தனம் என்று பங்குச் சந்தை கொண்டாடியது. ஆனால் வானம் பொய்ப்பது வேறு, நிர்வாகம் பொய்ப்பது வேறு. பணம் முன்பே கைக்கு வந்துவிட்டால், இரண்டின் நட்டத்தையும் வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடலாம்.

பார்க் சிட்டி முதல் முறையும் அல்ல. 2021-22 குளிர்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் இதே நிறுவனம் நடத்தும் ஸ்டீவன்ஸ் பாஸ் தளத்தில் பனி இருந்தது, ஆள் இல்லை. பல லிஃப்டுகள் ஓடவில்லை, பல சரிவுகள் திறக்கவில்லை. 40,000 பேருக்கு மேல் கண்டன மனுவில் கையெழுத்திட்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் புகார்கள் குவிந்தன. அதன் பிறகுதான், 2022 மார்ச்சில், வட அமெரிக்கத் தளங்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20 டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. முன்பே கொடுத்திருந்தால் கெட்டுப்போயிருக்குமா?

நிறுவனத்தின் தரப்பிலும் சொல்ல உண்டு. நான்கு பருவங்களில் காவலர்களின் தொடக்க ஊதியத்தை 50 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியதாக அது சொல்கிறது. சரி, ஆனால் மலையூர்களில் வாடகை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெய்ல் ஊரின் கிழக்கே 165 பணியாளர்களுக்குக் குடியிருப்பு கட்ட நிறுவனம் முன்வந்தபோது, பெருங்கொம்பு ஆடுகளின் மேய்ச்சல் கெடும் என்று ஊர்மன்றம் 2022-ல் நிலத்தையே கையகப்படுத்த முடிவெடுத்தது. இதில் பழியை நிறுவனத்தின் மேல் மட்டும் போட முடியாது. வேலைக்காரர் வேண்டும், அவர் குடியிருக்க இடம் மட்டும் வேண்டாம் என்கிற ஊர்களும் திருந்த வேண்டும்.

ஆனால் முன்பணப் பிரச்சினையில் சாக்குப்போக்குக்கு இடமில்லை. வெய்ல், பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன், ஸ்டீவன்ஸ் பாஸ் ஆகிய மலைகள் நிறுவனத்தின் சொத்தே அல்ல. அவை அமெரிக்க மக்களின் தேசிய வனங்கள். வனத்துறையின் நீண்டகால அனுமதியின் பேரில் நடப்பவை. வருவாயில் 1.5 முதல் 4 சதவீதம் வரை படிப்படியான விகிதத்தில் அரசுக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். பொதுநிலத்தை வாடகைக்குக் கொடுப்பவருக்கு நிபந்தனை போடும் உரிமை உண்டு, கடமையும் உண்டு. ஆள் பற்றாக்குறையாலோ ஊதியத் தகராறாலோ சரிவுகள் மூடிக் கிடந்தால், மூடிய அளவுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அனுமதிப் பத்திரத்திலேயே வனத்துறை எழுத வேண்டும். பார்க் சிட்டி போல வனத்துறை நிலத்தில் இல்லாத தளங்களுக்கு மாநில நுகர்வோர் சட்டம் அதைச் செய்யட்டும். வேலைநிறுத்த நாட்களில் வந்தவர்களுக்கு நிறுவனம் நீட்டியது பணம் அல்ல, அடுத்த பருவச் சீட்டில் கழித்துக்கொள்ளும் சலுகை. ஏமாந்தவர் மறுபடியும் அதே கடைக்கு வந்தால்தான் இழப்பீடு என்பது இழப்பீடே ஆகாது.

அந்தப் பேரத்தில் நிறுவனம் மிச்சம் பிடித்தது எதுவும் இல்லை. 2025 ஜனவரி 8 அன்று காவலர்கள் ஒப்பந்தத்தை ஏற்றார்கள். தொடக்க ஊதியம் அவர்கள் கேட்டபடியே 23 டாலர் ஆனது. நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய உயர்வு. பயணிகள் வழக்குத் தொடுத்தார்கள், முதலீட்டாளர்கள் முணுமுணுத்தார்கள். மே மாதம் தலைமை அதிகாரி கிர்ஸ்டன் லிஞ்ச் விலக, பழைய ராப் கேட்ஸே மறுபடி நாற்காலிக்கு வந்தார்.

அந்த ஒப்பந்தம் 2027 ஏப்ரல் வரைதான். அதற்குள் பணம் திருப்பித் தரும் விதியைச் சட்டமாக்க வேண்டியது வனத்துறையும் யூட்டா சட்டமன்றமும்.