பெரியம்மா நிறுத்திய குளிசை

போன லீவுக்கு மஸ்கெலியாவுக்கு வந்தபோது, எங்களில் ஒருத்தியின் பெரியம்மா வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தோம். உள்ளே கிளினிக்கில் மாதாமாதம் கொடுத்த கொலஸ்ட்ரோல் குளிசை. நாலு மாதத்துக்கானது, ஒன்றுகூட எடுக்காமல் அப்படியே கிடந்தது. "அதப் போட்டா தொடையெல்லாம் கடுக்குது புள்ள. மலை ஏற முடியல" என்றார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஹார்ட் எட்டேக் வந்தவர் அவர். கிளினிக்கில சொன்னீங்களா என்று கேட்டோம். "அங்க யாரு கேட்டா?"

நாங்கள் உடனே செய்தது ஏசியதுதான். கெம்பஸ் போகிற பிள்ளைகள் இல்லையா! பிறகுதான் அவர் பக்கத்து நியாயம் புரிந்தது. கால் கடுத்தால் கொழுந்து குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும். என்றைக்கோ வரலாம் என்கிற இன்னொரு எட்டேக்கையும் இந்த மாதச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். அந்த முடிவு பிழை. ஆனால் அவர் கேட்ட கேள்வி பிழையில்லை. அந்தக் கேள்வியை லயத்துக் காம்பராவுக்குள் தனியாகக் கேட்டுக்கொள்ள விட்டதுதான் பிழை என்கிறோம் நாங்கள்.

கொலஸ்ட்ரோலுக்கு இங்கே அதிகம் கொடுப்பது ஸ்டாடின் வகைக் குளிசைகள். தசைவலி வருமா என்றால், வரும். ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. 2022இல் லான்செட் இதழில் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு வந்தது. சுமார் 1,24,000 பேர். ஸ்டாடின் எடுத்தவர்களில் 27.1 வீதமானோர் தசைவலி என்று சொன்னார்கள். மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 26.6 வீதமானோர் அதையே சொன்னார்கள். முதல் வருடத்தில் வலி என்று சொன்ன 15 பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் உண்மையில் குளிசை காரணம்.

அப்ப பெரியம்மா பொய் சொல்கிறாரா? இல்லை. வலி உண்மை. கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க மலையில் ஏறி இறங்குகிறவருக்கு வலிக்க வேறு காரணமா வேண்டும்? அது மலையால் வருகிறதா குளிசையால் வருகிறதா என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் சிக்கல்.

"எல்லாம் மனப்பிரமை" என்று தள்ளிவிடவும் முடியாது. செரிவாஸ்டாடின் என்ற குளிசை தசையைச் சிதைத்து உயிர்களையே எடுத்ததால் 2001இல் உலகச் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. சிம்வாஸ்டாடினை 80 மில்லிகிராமில் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று 2011இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் சொன்னது. பிரஷருக்கு எடுக்கிற அம்லோடிபினோடு சேர்த்தால் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னது. ரோசுவாஸ்டாடின் ஆசியர்களின் இரத்தத்தில் கூடுதலாகத் தேங்குவதால் 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறார்கள். ஸ்டாடினே ஒத்துவராதவர்களுக்கு, குடலில் கொலஸ்ட்ரோல் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிற எசெட்டிமைப் இருக்கிறது. ஆக, ஒன்று ஒத்துவராவிட்டால் அளவைக் குறைக்கலாம், வேறொன்றுக்கு மாறலாம். "போடு, இல்லாட்டி நிறுத்து" என்று இரண்டே வழி இல்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்தது அந்த இரண்டு மட்டும்தான்.

தசைப் பாதிப்பு யாருக்கு அதிகம் வரலாம் என்று மருத்துவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: பெண்கள், வயதானவர்கள், மெலிந்த உடம்புக்காரர்கள், தைரொய்ட் குறைபாடு உள்ளவர்கள், உடலை வருத்தி வேலை செய்கிறவர்கள். வாசித்தபோது எங்களுக்குப் பெரட்டுக் களத்தில் நிற்கிற முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

வீட்டில் சொல்லி வையுங்கள். குளிசை தொடங்கி, அல்லது அளவு கூட்டி, சில வாரங்களில் இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலித்தால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அதோடு சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி தானாக நிறுத்தவே கூடாது, முக்கியமாக ஒருமுறை எட்டேக் வந்தவர்கள்.

ஆனால் எந்த மொழியில் சொல்வது? 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் அது இன்னும் வந்து சேரவில்லை. உறையில் ஆங்கிலம், வாயில் சிங்களம், ஆளுக்கு இரண்டு நிமிடம். டொக்டரைக் குறை சொல்லவில்லை, வெளியே வரிசை அவ்வளவு நீளம். ஆனாலும் "கால் வலிக்குதா?" என்று தமிழில் கேட்க ஒருவர், என்ன வந்தால் திரும்பி வர வேண்டும் என்று தமிழில் அச்சடித்த ஒரு துண்டு, இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை. இதை நாங்கள் சலுகையாகக் கேட்கவில்லை.

எங்களுக்கும் வேலை இருக்கிறது. வெள்ளைப்பூண்டு சாப்பிட்டால் கொலஸ்ட்ரோல் போய்விடும் என்ற வட்ஸ்அப் செய்தியைக் குடும்பக் குரூப்பில் போட்டது வேறு யாருமில்லை, நாங்கள்தான். லீவுக்கு வருகிறவர்கள் ஒரு கிளினிக் நாளாவது கூடப் போகலாம். கொப்பியைக் காட்டலாம், மொழிபெயர்க்கலாம்.

நாங்கள் போனோம். வலியைப் பற்றிச் சொன்னதும் டொக்டர் நிறையக் கேட்டார், இரத்தப் பரிசோதனை எழுதினார், வேறு ஸ்டாடினைக் குறைந்த அளவில் மாற்றித் தந்தார். பெரியம்மாவுக்குக் கால் இன்னும் கடுக்கத்தான் செய்கிறது. "இது மலை வலிதான் புள்ள" என்கிறார். டின்னில் புதிதாகக் குளிசை எதுவும் சேரவில்லை.