முதல்ல ஜன்னலைப் பாருங்க, அப்புறம் டவரைப் பார்க்கலாம்

வீட்டுத் தோட்டத்துல ஒரு பறவை செத்துக் கிடந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? எங்க வேலப்பன்சாவடி வழக்கத்தைச் சொல்றேன். அம்மாக்கள் துடைப்பத்தால முறத்துல தள்ளி வெளியே கொட்டிடுவாங்க. செத்தது காக்கான்னா கூடவே மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க. நம்ம ஆளுங்க போட்டோ எடுத்து குரூப்ல போடுவாங்க. ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துடும்: "5ஜி மச்சி." கேஸ் க்ளோஸ்.

இந்த ரெண்டாவது பழக்கத்தோடதான் எனக்குச் சண்டை. அம்மா காரணம் சொல்லல, சுத்தம் பண்றாங்க, அவ்வளவுதான். நாம காரணம் சொல்றோம், அதுவும் பறவையைத் திருப்பிக்கூடப் பார்க்காம. இன்னும் ஆறு மாசத்துல பெயருக்குப் பின்னாடி பி.ஈ. போட்டுக்கப் போறவங்க நாம.

போன அக்டோபர்ல எங்க மாமரத்துக்குப் பக்கத்துல ஒரு ஆறுமணிக்குருவி செத்துக் கிடந்தது. பச்சை முதுகு, தோள்ல நீலம், வாலுக்குக் கீழ சிவப்பு, கண்ணை ஒட்டி மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டை. இந்தியில இதுக்கு நவ்ரங்னே பேர். இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியக் காடுகள்லயும் குஞ்சு பொரிச்சுட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கி நம்ம ஊருக்கும் இலங்கைக்கும் வர்ற பறவை. வழியில களைச்சுப் போய் சென்னை வீட்டுத் தோட்டங்கள்ல இறங்கும். அவ்வளவு தூரம் பறந்து வந்தது, பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து ரெண்டு தெரு உள்ள இருக்கற ஒரு காம்பவுண்டுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

குரூப்ல வழக்கமான தீர்ப்புதான். தெருமுனை டவர்தான் குற்றவாளி. ஆனா அதே டவர்ல வருஷா வருஷம் காக்கா கூடு கட்டுது, ஆன்டெனாவுக்கு மூணு அடி தள்ளி உட்கார்ந்து குஞ்சு வளர்க்குது. அதை மட்டும் யாரும் போட்டோ எடுக்கல. குருவி கிடந்த இடத்துக்கு நேர் மேல பக்கத்து வீட்டு மாடிப்படிக் கண்ணாடி, முழு ஆள் உயரத்துக்கு. வெயில் உள்ள வராம இருக்க நீலத்துல மினுங்குமே, அந்த வகை. அதுல எங்க மாமரம் இலை இலையாத் தெரியும். உத்துப் பார்த்தா கண்ணாடித் தூசியில ஒரு இறக்கையோட அச்சு. குருவி உடம்புல காயம் இல்ல, மெலிஞ்சும் இல்ல, அலகு ஓரத்துல மட்டும் லேசா ரத்தம்.

பறவைக்குக் கண்ணாடின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. அதுல தெரியற மரத்தை நிஜ மரம்னு நம்பி முழு வேகத்துல போகும். அமெரிக்காவுல மட்டும் கட்டடக் கண்ணாடியில மோதி வருஷத்துக்கு 36 கோடியிலிருந்து 99 கோடி வரைக்கும் பறவைகள் சாகுதுன்னு 2014ல ஒரு மதிப்பீடு வந்தது. அதுல பெரும்பங்கு வானளாவிய கட்டடங்கள்ல இல்ல. நம்மது மாதிரி வீடுகள்லயும் உயரம் குறைஞ்ச கட்டடங்கள்லயும்தான்.

டவர் மேல நமக்கு ஏன் இவ்வளவு கோபம்னு யோசிச்சா, பாதிப் பழி '2.0' மேல போகும். 2018 நவம்பர்ல படம் வந்தப்போ நாமெல்லாம் ஸ்கூல். பக்ஷிராஜனைப் பார்த்து ஃபீல் பண்ணாதவங்க யாரு? செல்போன் கம்பெனிகள் சங்கம் சென்சார் போர்டுக்கே புகார் கொடுத்தது. அதே மாசம் நெதர்லாந்துல இருந்து ஒரு செய்தி சுத்துச்சு: ஹேக் நகரப் பூங்காவுல நூத்துக்கணக்குல ஸ்டார்லிங் பறவைகள் செத்து விழுந்தது, 5ஜி சோதனைதான் காரணம்னு. பறவைகள் செத்தது உண்மை, அக்டோபர்-நவம்பர்ல. ஆனா அந்த ஊர்ல 5ஜி சோதனை நடந்தது ஜூன் மாசம், ஒரே ஒரு நாள். நாலு மாசம் கழிச்சுக் கொல்ற சிக்னல் எந்த சிலபஸ்லயும் இல்ல.

"அப்போ ரேடியோ அலையால பறவைக்கு ஒண்ணுமே ஆகாதா?"ன்னு ஈ.சி.இ. பசங்க கேட்கலாம். நல்ல கேள்வி. 2014ல ஜெர்மனியில ஓல்டன்பர்க் பல்கலைக்கழகக் குழு 'நேச்சர்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பல்கலைக்கழக வளாகத்துல மரக் குடில்ல ராபின் பறவைகளை வச்சா, வலசை போற திசை அதுங்களுக்குப் பிடிபடல. குடிலைச் சுத்தி அலுமினியத் தகடு அடிச்சு எர்த் பண்ணினதும் திசை திரும்பக் கிடைச்சது. நம்ம ஃபாரடே கூண்டுதான்! தொந்தரவு பண்ணினது 50 கிலோஹெர்ட்ஸுக்கும் 5 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவுல இருக்கற மின்காந்த இரைச்சல். மின்கருவிகளும் ஏ.எம். ரேடியோவும் கிளப்பற சமாச்சாரம். நம்ம மொபைல் சிக்னல் 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல. தவிர, அந்தப் பறவைகள் குழம்புச்சே தவிர சாகல. நம்ம நாட்டுலயும் 2010ல சுற்றுச்சூழல் அமைச்சகம் டவரும் பறவைகளும் பத்தி ஆராய ஒரு நிபுணர் குழு போட்டது, 2012 செப்டம்பர்ல டவர் கதிர்வீச்சு வரம்பை சர்வதேச அளவுல பத்துல ஒரு பங்காக் குறைச்சாங்க. ஆக, கேள்வி கேட்கறது தப்பில்ல. பறவையைப் பார்க்காமலே பதில் சொல்றதுதான் தப்பு.

இதுல ஒரு வேடிக்கை, டவர் நிஜமாவே பறவையைக் கொல்லுது. அலையால இல்ல, கம்பியால. வட அமெரிக்காவுல நூத்துக்கணக்கான அடி உயர டவர்களை இழுத்துப் பிடிக்கற ஸ்டே கம்பிகள்லயும், ராத்திரி முழுக்க அணையாம எரியற சிவப்பு விளக்கால குழம்பியும் வருஷத்துக்குச் சுமார் 68 லட்சம் பறவைகள் சாகுதுன்னு 2012ல கணக்குப் போட்டாங்க. அதுக்கு மருந்து என்ன தெரியுமா? தொடர்ந்து எரியற விளக்கை விட்டு விட்டு எரியற விளக்கா மாத்தறது. சாவு பெரிய அளவுல குறைஞ்சது. கதிர்வீச்சைத் திட்டிக்கிட்டே இருந்திருந்தா அந்த ஸ்விட்ச் யார் கண்ணுலயும் பட்டிருக்காது.

தப்பான காரணம் எவ்வளவு நஷ்டம்னு நம்ம நாட்டுக் கழுகுகளைக் கேட்கணும், அதாவது பாறுகளை. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் நடுவுல 99 சதவீதத்துக்கும் மேல காணாமப் போச்சு. முதல்ல சந்தேகப்பட்டது வைரஸ். செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தப்போதான் உள்ளுறுப்புகள் மேல சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம் படிஞ்சிருந்தது தெரிஞ்சது. சிறுநீரகம் செயலிழந்து செத்திருக்கு. காரணம், மாட்டுக்குப் போடற வலி மருந்து டைக்ளோஃபினாக். பாகிஸ்தான்ல நடந்த ஆய்வு 2004ல 'நேச்சர்'ல வெளிவந்தது. 2006ல இந்தியா கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை பண்ணிச்சு. இன்னைக்கு முதுமலைப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கற பாறுகளுக்கு அந்தத் தடைதான் உயிர். யாரோ ஒருத்தர் நாறிப்போன உடலைக் கொட்டாம எடுத்து வச்சதால வந்த தடை அது.

சரி, நம்ம தோட்டத்துக்கு வருவோம். அறுக்கறது நம்ம வேலை இல்ல, கையால தொடவும் வேணாம். ஆனா பார்க்கலாம். ஜன்னலுக்குக் கீழ ஒரே ஒரு பறவை, உடம்பு நல்லா இருக்குன்னா கண்ணாடியைச் சந்தேகப்படுங்க. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் காக்காயோ வௌவாலோ கருகிக் கிடந்தா மின்சாரம். ஒரே கம்பியில உட்கார்ந்தா பொட்டன்ஷியல் வித்தியாசம் இல்ல, இறக்கை விரிச்சு ரெண்டைத் தொட்டா முடிஞ்சது. ட்ரிபிள் ஈ பசங்களுக்கு முதல் செமஸ்டர் பாடம். இறக்கையில நூல் சுத்தியிருந்தா மாஞ்சா. 2017லயே பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை பண்ணிடுச்சு. ஆனா பட்டம் அறுந்து போனாலும் நூல் மட்டும் மரத்துல மாசக்கணக்குல தொங்குது.

ஆந்தை செத்துக் கிடந்தா உங்க கிச்சனைப் பாருங்க. எலிக்கு வைக்கற கேக்ல புரோமடியோலோன்னு ஒரு மருந்து இருக்கும். அது ரத்தம் உறையறதைத் தடுக்கும். எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் தள்ளாடித் திரியும். அப்படித் திரியற எலிதான் ஆந்தைக்கு ரொம்ப ஈஸியான வேட்டை. ஆந்தை பத்து எலி தின்னா பத்து எலியோட மருந்தும் சேர்த்துத்தான் உள்ள போகுது. ஒரு வருஷத்துக்கு எலியைப் பிடிச்சுத் தர்ற ஆளை நாமளே முடிச்சுட்டு, அடுத்த மாசம் இன்னொரு பாக்கெட் வாங்குவோம். எனக்கு இது கண்ணாடியை விட எரிச்சலான விஷயம். எலிப்பொறி இன்னமும் கடையில விக்கறாங்க.

இதெல்லாம் ஒண்ணு ரெண்டு பறவை செத்தா. ஒரே இடத்துல ஒரே நேரத்துல பத்து இருபது செத்தா கதையே வேற, அங்க நம்ம துப்பறியும் வேலை வேணாம். 2020 டிசம்பர் கடைசியில இந்தூர்ல டேலி காலேஜ் வளாகத்துல சுமார் 50 காக்கா செத்துக் கிடந்தது. மாதிரி எடுத்து போபால் ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க, ஹெச்5என்8 பறவைக் காய்ச்சல்னு தெரிஞ்சது. அடுத்த சில வாரத்துல ராஜஸ்தான் காக்கா, கேரளா ஆலப்புழா வாத்துன்னு பல மாநிலத்துல கண்டுபிடிச்சு, நம்ம எல்லைச் செக்போஸ்ட் வரைக்கும் லாரியை நிறுத்திப் பார்த்தாங்க. அதுக்கு முந்தின வருஷம், 2019 நவம்பர்ல, ராஜஸ்தான் சாம்பார் ஏரியில 18 ஆயிரத்துக்கும் மேல பறவைகள் செத்தப்போ எல்லாரும் பறவைக் காய்ச்சல்னுதான் பயந்தாங்க. டெஸ்ட்ல வந்தது பாட்டுலிசம், ஒரு பாக்டீரியா நஞ்சு. செத்த பறவையில புழு வரும், புழுவைத் தின்ன அடுத்த பறவை சாகும். அங்க உடல்களை அப்புறப்படுத்தினதே வைத்தியம். காரணம் தெரியாம எந்த வைத்தியத்தைப் பண்ணியிருப்பாங்க?

நமக்கும் இது தூரத்துக் கதை இல்ல. வடக்கே கூவமும் அயனம்பாக்கம் ஏரியும், தெற்கே போரூர் ஏரியும் இருக்கற ஊர் இது. குளிர்காலத்துல வெளியூர்ப் பறவை இறங்கும் தண்ணி. அங்கயோ உங்க தெருவுலயோ காக்கா கூட்டமாச் செத்தா நாயை, குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்க. எத்தனை, எங்க, என்னிக்குன்னு போட்டோவோட குறிச்சுக்கிட்டு பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல சொல்லுங்க. குரூப்ல ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி.

கண்ணாடிக்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள், அதனாலதான் யாரும் பண்றதில்ல. ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டினா பிரயோஜனம் இல்ல, பறவை ஸ்டிக்கரை ஒதுக்கிட்டுப் பக்கத்துல மோதும். கண்ணாடியோட வெளிப்பக்கம், 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி, முழுசா. புள்ளிக் கோலம் வைக்கத் தெரிஞ்ச வீட்டுல இதுக்கு வொர்க்‌ஷாப் தேவையில்ல. அதுவும் முடியலைன்னா கொசுவலையை உள்பக்கத்துக்குப் பதிலா வெளிப்பக்கம் அடிங்க. கண்ணாடியில மரம் தெரியாது, கொசுவும் வராது.

வீட்டுக்காரங்களுக்கு இவ்வளவு போதும். நம்ம காலேஜ்களுக்கு? பிரோஷர் அட்டைக்காகவே கட்டின மாதிரி முகப்பு முழுக்கக் கண்ணாடி, எதிர்ல பசுமை வளாகம்னு பேர் வாங்க நட்ட மரம். மரத்தையும் கண்ணாடியையும் எதிரெதிர் வச்சா அது பறவைப் பொறி. இந்த டிசைனை அடுத்த வருஷம் வரையப் போறவங்க உங்க ஹாஸ்டல்லயே இருக்காங்க, சிவில்லயும் ஆர்க்கிடெக்சர்லயும்.

டேட்டா இல்லையேன்னு சொல்லாதீங்க. காலையில ஆறரை மணிக்கு பிளாக்கைச் சுத்திப் பெருக்கற ஹவுஸ்கீப்பிங் அக்காங்ககிட்ட இருக்கு. எந்தச் சுவருக்குக் கீழ, எந்த மாசத்துல அதிகமாக் கிடக்கும்னு கேட்டுப் பாருங்க. நாலு வருஷமா அவங்ககிட்ட யாருமே கேட்டிருக்க மாட்டாங்க. அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்குது, எதிர்ல என்ன மரம்னு எழுதிக்கிட்டு வாங்க. மினி ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்கலைன்னு புலம்பற ஜூனியர் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான்.