மீன்தொட்டியும் ஒரு சிட்டிகை உணவும்

கோயில் கேணியடியில் நின்று பொரியை அள்ளி வீச, மீன்கள் கூட்டமாக மேலே வந்து கவ்விச் செல்லும் காட்சி ஊரில் வளர்ந்த எவருக்கும் மறக்காது. ரொறன்ரோ வீடுகளில் பிள்ளைகளுக்கென்று மீன்தொட்டி வாங்கும்போது பெரியவர்களின் மனதில் அந்த நினைவும் இருக்கவே செய்யும். ஆனால் கேணியில் இருப்பது பல்லாயிரம் லீற்றர் நீர். வரவேற்பறைத் தொட்டியிலோ 40 லீற்றர். அங்கே மிஞ்சிய உணவுக்குப் போக வேறிடம் இல்லை.

பல வீடுகளில் நடப்பது ஒன்றே. சனிக்கிழமை தொட்டி வருகிறது. அன்று மாலையே பத்துப் பன்னிரண்டு மீன்கள் விடப்படுகின்றன. பள்ளிக்குப் போகுமுன் பிள்ளை ஒரு முறை உணவு போடும். பகலில் பாட்டி ஒரு முறை. வேலையால் வந்த தகப்பன் இன்னொரு முறை. இரண்டாம் கிழமை மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பின்னர் ஒவ்வொன்றாக இறக்கின்றன. கடைக்காரர் நோய்பிடித்த மீனைத் தந்துவிட்டார் என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் மீனில் இல்லை, நீரிலேயே இருக்கிறது.

மீனின் கழிவும் அழுகும் உணவும் அமோனியாவாக மாறுகின்றன. அது செவுளை அரிக்கும் நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இதுவும் நஞ்சுதான்: இரத்தத்தின் ஈமோகுளோபினைப் பழுதாக்கி, நீரில் பிராணவாயு இருந்தும் மீனை மூச்சுமுட்டச் செய்யும். இன்னொரு வகைப் பற்றீரியா அதனை நைத்திரேற்றாக மாற்றிய பின்னரே ஆபத்துக் குறையும். இவ்விரு வகைகளும் வடிகட்டியின் ஸ்பொஞ்சிலும் அடிக்கல்லிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும். ஆகவே முதலில் இரண்டு மூன்று மீன்களே போதும். நலமாக உள்ள பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போட்டால் காலம் குறையும். அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியம் என்று சோதனைப் பெட்டி காட்டிய பின்னர் மற்ற மீன்களைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

ரொறன்ரோவுக்கு மட்டும் அல்லாமல் வேறு பல நகரங்களுக்கும் பொருந்தும் ஒரு செய்தியும் உண்டு. ஒன்ராறியோ ஏரியிலிருந்து எடுக்கும் நீரைக் குளோரினால் சுத்திகரித்த பின், அந்தக் காவல் குழாயில் நெடுந்தூரம் நிலைக்க வேண்டும் என்பதற்காக மாநகரசபை அமோனியாவையும் சேர்க்கிறது. இரண்டும் கூடிக் குளோரமின் ஆகிறது. நீரை ஓரிரவு வாளியில் வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது பழைய வழக்கம். குளோரமின் அப்படிப் பறக்காது. மனிதர் குடித்தால் அது சமிபாட்டில் சிதைந்துவிடும்; மீனுக்கோ செவுள் வழியே நேராக இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரக நோயாளரின் இரத்தச் சுத்திகரிப்புக்குரிய நீரிலிருந்து அதை வைத்தியசாலைகள் அகற்றுவதும் இதே காரணத்தால்தான். எனவே நீரைப் பதப்படுத்தும் மருந்து வாங்கும்போது, அது குளோரமினுக்கும் உரியது என்று போத்தலில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழமைக்கு ஒரு முறை தொட்டி நீரில் நாலில் ஒரு பங்கை மாற்றினால் போதும். ஸ்பொஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் நல்ல பற்றீரியாவும் மடிந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

இனி உணவு. மனிதரைப் போல உடலைச் சூடாக வைத்திருக்கும் வேலை மீனுக்கு இல்லை. ஆகவே அதன் தேவை மிகச் சிறிது. தங்கமீன், பார்ப் ஆகிய இனங்களுக்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது. உண்டதைச் சேர்த்து வைக்க இடமில்லை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை கொடுக்கலாம். கிழமையில் ஒரு நாள் விரதம் வளர்ந்த மீனுக்குத் தீங்கு செய்யாது. சோறு, பாண், பொரி மூன்றும் வேண்டாம்.

பல இன மீன்கள் ஒன்றாக இருக்கும் தொட்டியில் வாயைப் பார்த்தால் வழி தெரியும். மேல்நோக்கிய வாயுடைய கப்பிக்கு மிதக்கும் செதில் உணவு. நேரான வாயுடைய பார்ப்புக்கு மெல்ல அமிழும் உணவு. கீழ்நோக்கிய வாயுடைய கொரிடோரஸுக்கு அடியில் தங்கும் வில்லை. அடிமீன்களுக்கு விளக்கை அணைத்த பின் போட்டால்தான் அவற்றின் பங்கு அவற்றுக்குக் கிடைக்கும். மற்ற மீன்களின் மிச்சத்தைத் தின்று அவை பிழைக்கும் என்பது தவறான எண்ணம்.

யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதும் முக்கியம். தங்கமீனுக்குக் குளிர்ந்த நீர் ஏற்றது; வெப்பநாட்டு மீன்களுக்கு 24 முதல் 26 பாகை செல்சியஸ் வேண்டும். வளர்ந்த ஏஞ்சல் மீன் நியோனை விழுங்கும். ரைகர் பார்ப் நீண்ட செட்டைகளைக் கடிக்கும். ரொறன்ரோ நீர், யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரளவு இல்லாவிட்டாலும், ஓரளவு வன்னீர். கப்பி, மொலி, பிளாற்றி ஆகியவற்றுக்கு அது ஒத்துவரும். சாதுவான மீன் தேடுவோருக்குச் செரி பார்ப் நல்லது. இலங்கையின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளே அதன் தாயகம், 1929இல் பி. ஈ. பி. தெரணியகல அதனை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். ஆறு மீன்களாவது கூட்டாக இருக்க வேண்டும்.

2013 டிசம்பர் பனிமழைப் புயலின்போது ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைப்புகளில் மின்சாரம் நின்றது. அத்தகைய வேளையில் தொட்டியைக் கம்பளியால் போர்த்தி, உணவை நிறுத்தி, இடைக்கிடை ஒரு கோப்பையால் நீரை அள்ளி ஊற்றிக் காற்றுப்படச் செய்ய வேண்டும். ஊருக்குப் போகும் வீட்டார், அயலவர் கையில் உணவுப் போத்தலை முழுதாகக் கொடுக்காமல், ஒவ்வொரு நாளுக்கும் உரியதை மாத்திரைப் பெட்டியில் பிரித்து வைத்துச் செல்வது நன்று.

கையில் காயம் உள்ளவர்கள் கையுறை இன்றித் தொட்டிக்குள் கை விடலாகாது. குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறைக்கவும் கூடாது. தொட்டி நீரில் வாழக்கூடிய ஒரு பற்றீரியா, காசநோய்க் கிருமியின் உறவினம், விரலிலும் கையிலும் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அப்படி வந்தால் வீட்டில் மீன் வளர்ப்பதை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். சொல்லாததால் மாதக்கணக்கில் நோய் இன்னதென்று தெரியாமல் போவதுண்டு.

கடைசியாக ஒன்று. வளர்க்க முடியாமற் போன மீனைக் கொல்ல மனமின்றி, புண்ணியம் என்று எண்ணி ஓடையிலோ குளத்திலோ விடுவோர் உண்டு. ஒன்ராறியோவில் அது சட்டவிரோதம். இப்படி விடப்பட்ட தங்கமீன்கள் ஹமில்ரன் துறைமுகத்தில் பெருகி, அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, அங்கே வாழும் உயிர்களுக்கு இடைஞ்சல் செய்கின்றன. வெப்பநாட்டு மீன் என்றால் முதற் குளிரிலேயே இறந்துவிடும். கடைக்கோ வேறொருவருக்கோ கொடுப்பதே முறை. இதைவிட நல்லது, வாங்கும் நாளிலேயே கேட்பது: இந்த மீன் எவ்வளவு வளரும், எத்தனை ஆண்டு வாழும்? விரலளவில் வாங்கும் பிளெக்கோ ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. தங்கமீன் பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அத்தனை ஆண்டும் உணவு போடும் பொறுப்பு வீட்டில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். காலையில் மீன்களை எண்ணி, வெப்பமானியை வாசித்துச் சொல்லும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.